மே மாதப் பயணத்துக்கு எந்த டி-ஷர்ட்? பெண்களுக்கான ஒரு துணி ஒப்பீடு

சென்னையில் ரயில் ஏறி தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம் பார்த்துவிட்டுத் திரும்புவது நம் குடும்பங்களின் வழக்கமான கோடை விடுமுறைப் பயணம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் அது கத்திரி வெயில் நேரத்தில்தான் அமையும். பாம்பனில் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரைக்கும் ரயிலிலேயே போய் இறங்கலாம் என்பதால் கூட்டமும் கூடிவிட்டது. இந்த வழியில் வெயில் ஊருக்கு ஊர் மாறும். தஞ்சையிலும் மதுரையிலும் வறண்ட சூடு. மதுரையில் மே மாதம் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. ஆனால் வந்த வியர்வை உடனே காய்ந்துவிடும். ராமேஸ்வரத்தில் அவ்வளவு டிகிரி இருக்காது. கடல் ஈரத்தில் வியர்வை காயாமல் முதுகில் வழிந்துகொண்டே இருக்கும். சென்னையில் சில நாட்களில் இரண்டும் சேர்ந்தே வந்து படுத்தும்.

இப்படி ஒரு பயணத்துக்கு லேசான டி-ஷர்ட் வேண்டும் என்று கேட்டால், கடையில் இருப்பதிலேயே மெலிசான துணியை எடுத்துப் போடுவார்கள். இணையக் கடைகளிலும் அதே கதைதான். நான் துணியைத் தேர்ந்தெடுப்பது இரண்டே கேள்விகளை வைத்து. உள்ளே ஸ்லிப் போடாமல் இதை உடுத்திக்கொண்டு வெயிலில் நிற்க முடியுமா? ராத்திரி லாட்ஜில் அலசிப் போட்டால் காலையில் கிளம்புவதற்குள் காயுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அது பயணத்துக்கான டி-ஷர்ட். காட்டனா, பாலியஸ்டரா, மூங்கிலா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எடைக் கணக்கு

பனியன் துணியின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் நிற்கிறது என்பதுதான் அது. திருப்பூர் கம்பெனிகளில் இதற்கென்றே கைக்கு அடக்கமான வட்டக் கட்டர் ஒன்று இருக்கும். துணியை ரப்பர் அட்டை மேல் விரித்து, கட்டரை வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வட்டம் வெட்டுப்படும். அதைச் சின்னத் தராசில் போட்டு, வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.5 கிராம் காட்டினால் 150. நாம் அன்றாடம் போடும் சாதாரண டி-ஷர்ட் 180-ஐ ஒட்டி இருக்கும். 150-க்குக் கீழே வந்தால் லேசான ரகம். 120-க்குக் கீழே போனால் கண்ணாடிதான்.

பெண்களுக்கான எம் சைஸ் டி-ஷர்ட் ஒன்றில் தோராயமாக 0.7 சதுர மீட்டர் துணி இருக்கும். 180 ஜிஎஸ்எம் துணியில் தைத்தால் 126 கிராம், 150-ல் 105 கிராம். வித்தியாசம் வெறும் 21 கிராம். மூன்று டி-ஷர்ட் எடுத்துப்போனாலும் பையில் மிச்சமாவது ஒரு சோப்புக் கட்டியின் எடைகூட இல்லை. பை லேசாகும் என்பதற்காக மெலிசான துணியைத் தேட வேண்டியதே இல்லை. அது உடம்பில் எப்படி இருக்கிறது, எத்தனை மணி நேரத்தில் காய்கிறது என்பதற்காக மட்டும் தேடினால் போதும்.

திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டையில், ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு விற்கும் கடைகளில் இதைப் பற்றி விசாரித்தால் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். ஒரு கடைக்காரர் இரண்டு வெள்ளை டி-ஷர்ட்டை மேஜையில் விரித்துப் போட்டார். "இது நாப்பதாம் நம்பர் நூலுங்க்கா, கையில எடுத்தா எடையே தெரியாது. ஆனா உள்ள ஒண்ணு போட்டாத்தான் ஆகும். இது முப்பதாம் நம்பர் காம்ப்டு. வெளியூர் போறதுக்குன்னா இதையே எடுத்துக்கோங்க." நூல் நம்பர் கூடக் கூட நூல் மெலிசாகும். காம்ப்டு என்றால் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பருத்தி நூல். முப்பதாம் நம்பரில் பின்னிய சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதாரண டி-ஷர்ட் துணி, 140 முதல் 160 ஜிஎஸ்எம் வரை வரும், நாற்பதாம் நம்பரில் 110 முதல் 130 வரை. அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயம் புரியும். 110 ஜிஎஸ்எம் டி-ஷர்ட் 77 கிராம். அதற்குள் ஒரு காட்டன் ஸ்லிப் போட்டால் இன்னொரு 60 கிராம் சேரும். மொத்தம் 137. தனியாகப் போடும் 150 ஜிஎஸ்எம் டி-ஷர்ட்டை விட இது கனம். அதோடு உடம்பில் இரண்டு அடுக்குத் துணி, ராத்திரி துவைக்க இரண்டு உருப்படி. மெலிசாக வாங்கியதன் பலன் அங்கேயே போய்விட்டது.

கடையில் சோதிப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். டி-ஷர்ட்டுக்குள் கையை விட்டு, விரல்களை விரித்து, வாசல் வெளிச்சத்தில் பிடியுங்கள். விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தனித்தனியாகத் தெரிந்தால் அந்தத் துணி வெயிலில் காட்டிக்கொடுக்கும். கை இருக்கிறது என்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தால் சரி. ட்யூப்லைட்டுக்குக் கீழே பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

காட்டனும் பாலியஸ்டரும்

பருத்தி இயல்பாகவே காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். துணி வியாபாரத்தில் இதற்கு ஒரு நிலையான கணக்கு உண்டு: பருத்திக்கு 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4. பாலியஸ்டர் இழை தண்ணீரை உள்ளேயே விடாது. வியர்வை இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய சந்துகள் வழியே ஓடி, துணி முழுக்கப் பரவி, மேல்பரப்பிலிருந்து ஆவியாகும். "ட்ரை-ஃபிட்" என்று விற்பதெல்லாம் இந்த வேலையைச் செய்வதுதான். பருத்தியோ இழைக்குள்ளேயே ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மெல்ல விடும்.

ட்ரை-ஃபிட்தான் கோடைக்கு ஏற்றது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அதை முழுசாக ஏற்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலின் திறந்த முற்றத்தில் பகல் பதினொரு மணிக்கு நிற்கும்போது பருத்தி வைத்திருக்கும் ஈரம்தான் நமக்கு உதவி. வறண்ட காற்று அந்த ஈரத்தை உறிஞ்சும்போது உடம்புச் சூட்டையும் கூடவே எடுத்துப் போகும். பாலியஸ்டர் சட்டென்று காய்ந்துவிடுவதால் அந்தக் குளிர்ச்சியும் சட்டென்று முடிந்துவிடுகிறது. ஆகவே உள்மாவட்டங்களின் வறண்ட சூட்டுக்கு என் ஓட்டு பருத்திக்கு.

கடலோரத்தில் நிலைமை வேறு. காற்றே ஈரமாக இருப்பதால் எந்தத் துணியிலிருந்தும் வியர்வை எளிதில் ஆவியாகாது. பருத்தி குடித்துக்கொண்டே போய்க் கனத்து, முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணி தோலோடு ஒட்டியபடியே மணிக்கணக்கில் இருந்தால் வேர்க்குரு கிளம்பும். பாலியஸ்டரும் இங்கே அற்புதம் எதுவும் செய்துவிடாது, ஆனால் அதிகம் குடிக்காது, கனக்காது. கொஞ்சம் நிழலும் காற்றும் கிடைத்தால் சீக்கிரம் காயும்.

பாலியஸ்டரின் பெரிய குறை நாற்றம். நம் தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையை அந்த இழை பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் பாக்டீரியா பெருகும். லாட்ஜ் பக்கெட்டில் பச்சைத் தண்ணீரும் சோப்பும் போட்டு அலசினால் அக்குள் பகுதி சுத்தமானது போலவே இருக்கும். மறுநாள் போட்டு அரை மணி நேரம் நடந்ததும் பழைய வாடை கிளம்பிவிடும். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்துத் துவைத்தால் ஓரளவு போகும். வாசனைக்காகத் துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் ஊற்றாதீர்கள். அது இழைச் சந்துகளில் படிந்து, ட்ரை-ஃபிட் செய்ய வேண்டிய வேலையையே கெடுத்துவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே பருத்தி 60, பாலியஸ்டர் 40 என்ற கலப்பு ஒன்று இருக்கிறது. விலையும் குறைவு என்பதால் மட்டமான சரக்கு என்று ஒதுக்குகிறார்கள். பயணத்துக்கு இது நல்ல துணி. சுத்தப் பருத்தியை விடச் சீக்கிரம் காயும், சுத்தப் பாலியஸ்டர் அளவுக்கு வாடை பிடிக்காது, மடித்துப் பையில் அமுக்கினாலும் கசங்காது. பையின் பட்டை உரசும் தோள்பட்டையில் நாளாவட்டத்தில் சின்னச் சின்ன உருண்டையாக நூல் எழும்பும், அது ஒன்றுதான் குறை.

மூங்கில், மோடல், மெரினோ

கையில் எடுத்தால் வழவழவென்று, தொட்டால் குளுகுளுவென்று இருக்கும் விஸ்கோஸ் வகைத் துணிகள் கடையில் மனதைக் கவர்ந்துவிடும். "மூங்கில் டி-ஷர்ட்" என்று விற்பதில் பெரும்பாலானவை இந்த இனம்தான். மூங்கிலைக் கூழாக்கி, ரசாயனத்தில் கரைத்து, மறுபடி இழையாக இழுத்த விஸ்கோஸ். அதை வெறுமனே மூங்கில் என்று லேபிளில் போடக்கூடாது, ரேயான் என்று சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டு வர்த்தக ஆணையம் கம்பெனிகள் மீது நடவடிக்கையே எடுத்திருக்கிறது.

விஸ்கோஸ் பருத்தியை விட அதிகமாக ஈரம் வாங்கும், அதனால் காயவும் கூடுதல் நேரமாகும். நனைந்தால் வலுவும் வெகுவாகக் குறையும். பருத்தி இதற்கு நேர் எதிர், நனைந்தால் அதன் வலு கூடும்; கல்லில் அடித்துத் துவைத்தாலும் நம் ஊர்ப் பருத்தி தாக்குப்பிடித்தது அதனால்தான். விஸ்கோஸைப் பிழிந்தால் தொளதொளத்து நீண்டுவிடும். மோடலும், டென்செல் என்ற பெயரில் வரும் லயோசெல்லும் இதே குடும்பம், ஆனால் ஈரத்தில் இவற்றின் வலு பரவாயில்லை. பருத்தியோடு மோடல் கலந்த டி-ஷர்ட் ரயிலில் ராத்திரி படுக்கும்போது போட மிக இதமானது. பகலில் பையை மாட்டிக்கொண்டு அலையவோ, லாட்ஜில் துவைத்துப் போடவோ ஏற்றதல்ல.

மெரினோ கம்பளி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டுப் பயணிகள் அதைக் கொண்டாடுவதில் உண்மை இருக்கிறது. 150 ஜிஎஸ்எம் மெரினோவை இரண்டு மூன்று நாள் துவைக்காமல் போட்டாலும் வாடை வராது. பகலில் வெயில், ராத்திரி குளிர் என்று மாறும் லடாக் போன்ற இடங்களுக்கு ஒரே பையோடு போகிறவர்களுக்கு அது கொடுத்த காசுக்குப் பொருந்தும். தஞ்சை, மதுரை, ராமேஸ்வரத்துக்கு அந்தச் செலவு வேண்டாம். ஒரு மெரினோ விலையில் நல்ல காட்டன் டி-ஷர்ட் பலவற்றை வாங்கிவிடலாம். நம் லாட்ஜ்களில் தினமும் குளியலறைக் குழாயில் தண்ணீர் வருகிறது, துவைக்கவும் முடிகிறது.

பெண்கள் பிரிவில் தொங்குவது

துணியை விட இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். பெண்கள் பிரிவில் மாட்டியிருக்கும் டி-ஷர்ட்டுகளில் பாதிக்கு மேல் இடுப்பை ஒட்டித் தைத்தவை, கை குட்டை, நீளமும் குட்டை. துணியில் 5 சதவீதம் லைக்ரா. லைக்ரா கலந்த காட்டன் ஜெர்சி பெரும்பாலும் 180 ஜிஎஸ்எம்முக்கு மேல்தான் வரும். அது உடம்போடு ஒட்டி நிற்கும், உள்ளே காற்று போகாது, காயவும் தாமதமாகும். புழுக்கத்தில் நமக்கு நிஜமான நிவாரணம் துணிக்கும் தோலுக்கும் நடுவே ஓடும் காற்றுதான். நூல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் உடம்பைக் கவ்விப் பிடித்தால் அந்தக் காற்றுக்கு இடமில்லை. லேபிளில் எலாஸ்டேன், ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா என்று எந்தப் பெயர் இருந்தாலும் கோடைப் பயணத்துக்குத் தவிர்த்துவிடுங்கள்.

தோளில் தையல் சரியாக உட்கார்ந்து, இடுப்பில் இரண்டு பக்கமும் நாலு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருப்பதே நல்ல அளவு. கை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வரை வரட்டும். சாதாரண வெள்ளைக் காட்டன் டி-ஷர்ட் புற ஊதாக் கதிரைத் தடுப்பதில் ரொம்பச் சுமார். அதன் யுபிஎஃப் அளவு 5 முதல் 7 வரைதான், நனைந்தால் இன்னும் குறையும். யுபிஎஃப் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குக் கதிர்தான் உள்ளே வரும். அடர்ந்த நிறமும் நெருக்கமான பின்னலும் இந்தப் பாதுகாப்பைக் கூட்டும். மெலிசான துணிக்கு எதிராக இதுவும் ஒரு வாதம்.

காட்டன் 5 சதவீதம் வரை சுருங்குவது சகஜம். 60 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் 3 சென்டிமீட்டர் போய்விடும். கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து எழும்போது பின்பக்கம் ஏறிக்கொண்டு இழுத்து இழுத்து விட வேண்டியிருப்பது இதனால்தான். நீளம் கொஞ்சம் தாராளமாக எடுத்து, ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு முறை துவைத்துவிடுங்கள். அப்போதே இன்னொன்றும் தெரிந்துவிடும்: மட்டமான சிங்கிள் ஜெர்சி துவைத்ததும் முறுக்கிக்கொள்ளும். விலாவில் இருக்க வேண்டிய தையல் வயிற்றுப் பக்கம் சாய்ந்து வரும். கடையிலேயே தோள் இரண்டையும் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே பக்கத் தையல் நேராக இறங்கவில்லை என்றால் துவைத்த பிறகு இன்னும் மோசமாகும்.

பெண்கள் பிரிவில் இப்படி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஆண்கள் பிரிவில் ஒரு சைஸ் சின்னதாக 150 ஜிஎஸ்எம் ரவுண்ட் நெக் எடுப்பதில் தயக்கம் வேண்டாம். தோள் அரை அங்குலம் இறங்கும், அவ்வளவுதான். மற்ற எல்லாமே அதில் மேல்: கை நீளம், உடல் நீளம், குனியும்போது காட்டிக்கொடுக்காத கழுத்தளவு.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை, வெளிர் சாம்பல் வேண்டாம். மற்ற எந்த நிறத்தையும் விட அதில் வியர்வை ஈரம் பளிச்சென்று கருத்துத் தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் சின்னப் பூப்போட்ட துணியிலும் தெரியாது. கருநீலம், கறுப்பு, மெரூன் வாங்கினால் ஈரக் கைக்குட்டையால் உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். சாயம் கைக்குட்டையில் ஏறினால் வியர்வையில் உள்ளாடைக்கும் தோலுக்கும் ஏறும்.

ராமேஸ்வரத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கி, ஈரத்தோடேயே கோயிலுக்குள் வந்து 22 தீர்த்தங்களிலும் வாளியால் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். உடுத்திய உடையோடுதான் குளியல். பிறகு உடை மாற்றிக்கொண்டே தரிசனத்துக்குப் போக வேண்டும், ஈரத்துணியோடு விடமாட்டார்கள். ஒவ்வொரு கிணறாகக் கூட்டத்துக்கு நடுவே நடக்கும்போது நனைந்த வெள்ளைக் காட்டன் டி-ஷர்ட் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் என்பதைப் போகிறவர்கள் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்தக் குளியலுக்கு அடர்ந்த நிறத்தில், சொரசொரப்பான பின்னல் உள்ள ட்ரை-ஃபிட் டி-ஷர்ட்தான் சரி. பிக்கே என்று சொல்லும் சின்னக் கட்டம் போட்ட பின்னல் நனைந்தாலும் தோலோடு முழுதாக ஒட்டாது. காட்டன் அளவுக்குத் தண்ணீர் குடிக்காது, இழுத்துத் தொங்காது. மேலே ஒரு துப்பட்டா சுற்றிக்கொண்டால் கவலையே இல்லை. டி-ஷர்ட்டில் கூச்சம் உள்ளவர்கள் அடர் நிறச் சுடிதாரோடு போகலாம், அதுவும் நல்ல வழிதான். அங்கிருந்து திருவனந்தபுரம் பக்கம் பயணத்தை நீட்டுகிறவர்கள் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பாரம்பரிய உடை கட்டாயம் என்பதால் புடவை ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி காயவைப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். டி-ஷர்ட்டை அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழியுங்கள். ஈரிழைத் துண்டை விரித்து, அதன் மேல் டி-ஷர்ட்டைப் பரப்பி, இரண்டையும் பாய் மாதிரி சுருட்டி, அந்தச் சுருளை முறுக்குங்கள். மிச்சத் தண்ணீரில் பெரும்பகுதி துண்டுக்குப் போய்விடும். பிறகு ஃபேனுக்கு நேர் கீழே ஹேங்கரில் மாட்டினால், மதுரையில் 150 ஜிஎஸ்எம் காட்டன் விடிவதற்குள் தாராளமாகக் காய்ந்துவிடும். ராமேஸ்வரத்தில் கழுத்துப் பட்டியிலும் அக்குள் தையலிலும் காலையில் ஈரம் தங்கியிருக்கும். ஏசி அறையில் ஃபேனையும் சேர்த்து ஓடவிட்டால் அங்கேயும் காயும்.

ஆக, இந்தப் பயணத்துக்கு நான் சொல்லும் மூட்டை இதுதான். முப்பதாம் நம்பர் காம்ப்டு காட்டனில் 150 ஜிஎஸ்எம் டி-ஷர்ட் இரண்டு, லைக்ரா கலக்காதது, ஒன்று வெள்ளை, ஒன்று பூப்போட்டது. இவை தஞ்சைக்கும் மதுரைக்கும் மாற்றி மாற்றி. கருநீலத்தில் பிக்கே ட்ரை-ஃபிட் ஒன்று, ராமேஸ்வரத் தீர்த்தத்துக்கு. 60-க்கு 40 கலப்பு ஒன்று, தீர்த்தம் முடிந்து தரிசனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் அப்படியே தனுஷ்கோடி போய்வரவும். நாலுக்கு மேல் வேண்டாம். காசு கொஞ்சம் மிஞ்சினால் திரும்பும் ராத்திரி ரயிலுக்கு ஒரு மோடல் கலந்த டி-ஷர்ட் வாங்கிக்கொள்ளலாம். கையில் காசு குறைவு என்றால் ட்ரை-ஃபிட்டை விட்டுவிட்டு, கலப்பு டி-ஷர்ட்டையே அடர் நிறத்தில் இரண்டாக எடுங்கள். தீர்த்தத்துக்கு ஒன்று, மாற்றிக்கொள்ள ஒன்று என்று வேலை நடந்துவிடும். முப்பதாம் நம்பர் காட்டனை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.